செருப்பில் பத்தாவது ஆள்

அரசரின் வலது செருப்பில் ஓர் ஆள் அதிகமாக இருந்தான்.

வழக்கமாக ஒன்பது பேர்தான். நாட்டின் ஒன்பது பகைவர்கள். முழங்கைகள் முதுகுக்குப் பின்னால் சேர்த்துக் கட்டப்பட்டு, குதிகாலிலிருந்து வரிசையாகச் செருப்பின் உள்பக்கத் தோலின் மேல் தீட்டப்பட்டிருப்பார்கள். அரசர் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் அவர்கள் நசுங்குவார்கள். உட்கார்ந்த இடத்தை விட்டு நடந்தாலே எதிரி ஒழிகிற வசதி இந்த உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் உண்டு. என்னாலெல்லாம் பக்கத்து வீட்டு வாத்தைக் கூட விரட்ட முடியவில்லை.

பத்தாவது ஆள் கட்டைவிரல் படும் இடத்தில் இருந்தான். விரல்நகம் அளவு. கழுத்தில் மஞ்சள் மினுங்கும் பொன்மாலை.

"கைபடாம பாரு" என்றார் மகா அமைச்சர். செருப்பு ஒரு தட்டில், வெள்ளைத் துணியின் மேல் இருந்தது. "அரசர் பொருளை வெறுங்கையால தொட்டா என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும் ஐயா. அதுக்கப்புறம் கையே தேவைப்படாது" என்றேன்.

மெரெத் அக்கா என் காலை மிதித்தாள். அரசியின் துணிக்கூடத்துக்கு அவள்தான் தலைவி. நெசவில் ஓர் இழை தப்பினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அதனால் அரண்மனையில் எது தப்பினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். நான் சென்பி. அவள் பின்னால் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறவன். வழக்கு முடிந்தால் அவளுக்கு வறுத்த வாத்து வரும், எனக்கு வெங்காயம் வரும். இதைப் பற்றி எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள்.

"இது தொழுவக் கணக்கு பார்க்கற வாஷ்காதான்" என்றார் அமைச்சர். "நேத்துதான் அரசர் அவனைக் கூப்பிட்டு, 'மண்ணை முத்தமிடாதே, என் காலை முத்தமிடு'ன்னு சொன்னார். கழுத்துல பொன்மாலையும் போட்டார். அதைப் பொறுக்காத எவனோ அவனை அரசர் காலடியில வரைஞ்சு வச்சிட்டான். வரைஞ்சது பலிக்கும். ஒவ்வொரு அடிக்கும் வாஷ்கா சாகணும்னு சூனியம்."

"எவனோன்னு சொல்றீங்க. ஆளைப் பிடிச்சாச்சுன்னு வழியில கேள்விப்பட்டேனே?" என்றாள் அக்கா.

"விசிறி பிடிக்கிற கேனி. நேத்து விருந்துல எல்லார் முன்னாலயும் சொல்லியிருக்கான். 'அந்தக் காலே ஒரு நாள் அந்த வாயை மிதிக்கும்'னு. இதுக்கு மேல என்ன வேணும்?"

"அப்புறம் என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

அமைச்சர் கொஞ்சம் நெளிந்தார். "கேனி அரசியோட தூரத்துச் சொந்தம். அரசி கேட்டா, விசாரிச்சோம்னு சொல்லணும்ல? அரசர் பறவை வேட்டைக்குப் போயிருக்கார். உச்சிக்குத் திரும்புவார். வந்ததும் தண்டனைக்கு முத்திரை விழுந்துடும். கல்தச்சன் கேனியோட கல்லறை வாசல்ல உளியோட காத்துட்டிருக்கான்."

நான் சிரிப்பை நிறுத்தினேன். கேனியின் கல்லறை அரசர் கொடுத்த பரிசு. அதில் செதுக்கிய பெயரும் அவர் கொடுத்ததுதான். அந்தப் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டால், செத்த பிறகு கேனி என்று ஒருவன் எங்கேயும் இல்லை. அவனுக்குப் படைத்த ரொட்டி அவனைத் தேடிக்கொண்டே இருக்கும். கழுத்தை வெட்டுவது இதைவிட இரக்கமான காரியம்.

*

கேனியைத் தானியக் கிடங்கில் கட்டிப் போட்டிருந்தார்கள். அழகான பையன். அரசருக்கு வலப்பக்கம் நின்று தீக்கோழி இறகு விசிறியை ஆட்டுகிறவன். இப்போது ஈயை விரட்டக்கூட அவனுக்குக் கை இல்லை.

"சொன்னியாடா?" என்றாள் அக்கா.

"சொன்னேன் அக்கா. குடிச்சிருந்தேன். குடிக்காம இருந்தாலும் சொல்லியிருப்பேன். மாட்டுத் தொழுவத்தைக் கணக்கு பார்க்கறவன் சாமி காலை முத்தமிடறான். நான் பொழுது விடிஞ்சதுலேருந்து அடையற வரைக்கும் பக்கத்துல நிக்கறேன். எனக்கு மண்ணுதான். வாயில மணல் நறநறன்னு..."

"வரைஞ்சியா?"

"எனக்கு வாத்து வரையவே வராது. அதுவும் அந்தச் செருப்பு என் கைக்கு எப்படி வரும்? அது செருப்பு தூக்கற ஹெசி கிழவரோட கையை விட்டுப் போகாது. தூங்கும்போதும் தலைமாட்டுல வச்சுப்பார். வாஷ்கா மேல பொறாமைன்னு சொல்றாங்களே, அக்கா, உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு அந்தக் கிழவர் மேலதான் நெஜப் பொறாமை. சாமி உடம்பைக் கையால தொடற வேலை இந்த அரண்மனையில அவருக்கு மட்டும்தான்."

வெளியே வந்ததும் நான் சொன்னேன். "அக்கா, இவன் பொறாமைப்படாத ஆள் யாராவது இருந்தா, அவங்களை விசாரிக்கலாம்."

"உன் மேல படல" என்றாள் அக்கா.

அது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

*

வாஷ்கா தன் தோட்டத்து அத்திமர நிழலில் படுத்திருந்தார். நெற்றியில் ஈரத்துணி. பொன்மாலையை மட்டும் கழற்றவில்லை.

"கால் வலிக்குது, முதுகு வலிக்குது, நெஞ்சு மேல யாரோ நடக்கற மாதிரி இருக்கு" என்றார். "சாமி காலையில ஒண்ணும் நடக்கலையே?"

"படகுல உட்கார்ந்துட்டுதான் போயிருக்கார். வெறுங்காலோட" என்றேன். "இறங்கி நடந்தா சொல்லி அனுப்பறோம். நீங்க தயாரா இருங்க."

"இந்தப் பயலை வெளிய அனுப்புங்கம்மா!"

"அவன் கிடக்கறான். படத்தை நீங்க எப்ப பார்த்தீங்க?" என்றாள் அக்கா.

வாஷ்காவின் முகம் பிரகாசமானது. கௌரவம் கிடைத்த கதையை எத்தனை தரம் சொன்னாலும் அவருக்கு அலுக்காது போலிருக்கிறது. "நேத்து சபையில எல்லாரையும் மாதிரி நானும் மண்ணுல விழப் போனேன். திடீர்னு சாமி, 'வாஷ்கா, மண்ணு வேண்டாம்'னாரு. சபையே மூச்சு விடல. மகா அமைச்சருக்கே தெரியாது, அவர் வாய் அப்படியே திறந்து கிடந்தது. ஹெசி வந்து சாமி செருப்பைக் கழற்றிப் பக்கத்துல வச்சார். நான் குனியறேன். மூக்குக்கு நேரா செருப்பு. உள்ள பார்க்கறேன், பொன்மாலை போட்டுட்டு நான்! நாக்கு ஒட்டிக்கிச்சு. விருந்துல கேனி பேசினதைக் கேட்டப்புறம்தான் புரிஞ்சுது. ராத்திரியே அமைச்சர்கிட்ட ஓடினேன்."

"குனியறப்போ உங்க கழுத்துல மாலை இருந்ததா?"

"இல்லம்மா. முத்தமிட்டு எழுந்தப்புறம்தானே போட்டார்!"

"சரி. தண்ணி நிறைய குடிங்க" என்று அக்கா எழுந்துவிட்டாள்.

தெருவுக்கு வந்ததும் அவள் நடை வேகமானது. மூட்டையோடு நான் பின்னால் ஓடினேன்.

"சென்பி, அந்த ஆளு என்ன சொன்னாருன்னு கவனிச்சியா?"

"தண்ணி கேட்கல. நீங்கதான் சொன்னீங்க."

"மரமண்டை. அவர் முத்தமிடக் குனியறப்பவே படம் இருக்கு. பொன்மாலையும் இருக்கு. ஆனா அவருக்கு மாலை இன்னும் விழல. சாமி அவரைக் கூப்பிடப் போறார்னு யாருக்கும் தெரியாது. அமைச்சருக்கே தெரியாது. அப்ப வாஷ்காவை முன்கூட்டியே மாலையோட வரையறதுக்கு யாரால முடியும்?"

நான் யோசித்தேன். முன்கூட்டியே தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் பெயரை வாயால் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

"அக்கா, நாம வீட்டுக்குப் போயிடலாம். எனக்கு வெங்காயமே போதும்."

"அதுதான் ஒரு வழி. இன்னொரு வழி இருக்கு. படத்துல இருக்கறது வாஷ்காவே இல்லன்னு வச்சுக்கலாம்."

*

ஆற்றங்கரைத் தாழம்புதர் மறைவில் அக்கா என்னைத் தரையில் படுக்கச் சொன்னாள்.

"எதுக்கு?"

"நீ பகைவன். படுடா. முழங்கையைப் பின்னால கட்டு."

படுத்தேன். முகம் சேற்றில் புதைந்தது. அமைச்சரிடம் கேட்டுத் தட்டோடு வாங்கி வந்திருந்த செருப்பை அவள் துணியால் பிடித்துக்கொண்டு, அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரியா இருக்கு. இப்ப பத்தாவது ஆள் ஆகு. கை முன்னால. முட்டி மடிச்சு. உள்ளங்கை ரெண்டும் தரையில. தலையை லேசாத் தூக்கு. இன்னும் கொஞ்சம். உதட்டை நீட்டு."

"அக்கா, யாராவது பார்த்தா எனக்குக் கல்யாணமே ஆகாது."

"இப்படியே இருந்து சொல்லு. நீ மிதிபடறியா?"

நான் இருந்த நிலையை யோசித்துப் பார்த்தேன். கையில் கட்டு இல்லை. முகத்தில் வலி இல்லை. இப்படித்தானே நேற்று வாஷ்கா சபையில்...

"மிதிபடல அக்கா. முத்தம் கொடுக்கறேன்."

"யாருக்கு?"

"கட்டைவிரலுக்கு!" எழுந்து உட்கார்ந்தேன். "அடப்பாவி. சூனியம் வைக்கல. சாமி கொடுக்காத கௌரவத்தைத் தானே எடுத்துக்கிட்டான். எவனோ தன்னையே வரைஞ்சிருக்கான்!"

வரைந்தது பலிக்கும் என்று அமைச்சரே சொன்னார். பலித்தால், அரசர் செருப்பு போடும்போதெல்லாம் இந்தப் பத்தாவது ஆள் அவர் காலை முத்தமிட்டுக்கொண்டே இருப்பான். வாஷ்காவுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறை கிடைத்தது. இவனுக்குத் தினமும் கிடைக்கிறது. நியாயமாகப் பார்த்தால் ஊரே இவன் மேல்தான் பொறாமைப்பட வேண்டும்.

"அவன் வாயைப் பாரு" என்றாள் அக்கா.

குனிந்து பார்த்தேன். மற்ற இடமெல்லாம் சாயம் பழுத்து மங்கியிருந்தது. பொன்மாலையின் ஓரம் தேய்ந்திருந்தது. உதடு மட்டும் புதுச் சிவப்பு. அதற்குக் கீழே பழைய சிவப்பு தெரிந்தது. அதற்கும் கீழே இன்னும் பழையது.

"கட்டைவிரல் உரசி உரசி உதடு அழியுது" என்றாள் அக்கா மெதுவாக. "யாரோ திரும்பத் திரும்பத் தீட்டியிருக்காங்க. இது நேத்து வந்த பொறாமை இல்லடா. ரொம்ப நாளா வளர்த்த பொறாமை."

தூக்கத்திலும் அந்தச் செருப்பு யார் தலைமாட்டில் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

*

ஹெசி படித்துறையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கால் கழுவும் செம்பு, மடித்த துணி. அரசரின் படகுக்காகக் காத்திருந்தார். ஒல்லியான முதுகு, நிமிரவே பழகாத கழுத்து. அக்கா தட்டை அவர் முன்னால் வைத்தாள். அவர் திடுக்கிடவில்லை. செருப்பைத் தன் கையில் எடுத்து, ஓரத்தில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தார். அதன் பிறகுதான் பேசினார்.

"உதடுதான் நிக்க மாட்டேங்குது. எந்தச் சாயம் போட்டாலும் போயிடுது."

"பெரியவரே..." என்றாள் அக்கா.

"சாமி ஓடம் கட்டறவனைக் கூப்பிட்டார். வேட்டை நாய் பார்க்கறவனைக் கூப்பிட்டார். போன வெள்ளத்துல ஒரு தேன் விக்கறவனை. ஒவ்வொரு தடவையும் காலைக் கழுவி, துடைச்சு, அவனுங்க வாய்க்கு நேரா வைக்கறது யாரு? நான். என் உதட்டுக்கும் அந்தப் பாதத்துக்கும் நடுவுல இவ்வளவுதான் தூரம்." விரலை விரித்துக் காட்டினார். "குனிஞ்சா பட்டுடும். கூப்பிடாம பட்டா செத்தேன். இப்படியே கிழவன் ஆயிட்டேம்மா."

"கேனியோட பேரைச் சுரண்டப் போறாங்க. தெரியுமா?"

"தெரியும்."

"அவன் வரையலன்னும் உங்களுக்குத் தெரியும்."

கிழவர் தலையைத் திருப்பிக்கொண்டார். "அவன் சாமி முகத்தைப் பார்த்துட்டே நிக்கறவன். அவர் சிரிச்சா முதல்ல அவனுக்குத்தான் தெரியும். நான் காலை மட்டும்தான் பார்த்திருக்கேன். சுரண்டட்டும்."

இவ்வளவு சாதுவான குரலில் இவ்வளவு விஷத்தை நான் கேட்டதில்லை. பதில் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் துறையில் கொம்பு ஊதினார்கள். எல்லாரும் விழுந்தோம். என் வாயில் மணல்.

*

அரசர் படகிலிருந்து இறங்கி நாற்காலியில் அமர்ந்த சத்தம் கேட்டது. தலையைத் தூக்க முடியாது என்பதால் எனக்குத் தெரிந்ததெல்லாம் சேறு படிந்த இரண்டு பாதங்கள்தான். ஹெசி கழுவிக்கொண்டிருந்தார். அமைச்சர் வழக்கைச் சொன்னார். முத்திரைக்குக் களிமண் பிசைந்தாயிற்று. கட்டிய கைகளோடு கேனியைக் கொண்டுவந்து தள்ளினார்கள். வாஷ்கா பல்லக்கில் வந்து சேர்ந்தார்.

"துணிக்கூடத்துக்காரி என்ன சொல்றா?" என்றார் அரசர்.

அக்கா நெற்றியை மண்ணிலிருந்து எடுக்காமலே பேசினாள். படம் வாஷ்கா இல்லை என்பதை, அது மிதிபடும் ஆள் இல்லை என்பதை, சாயத்தின் வயதை, ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசியில் நிறுத்தினாள்.

"வரைஞ்சது யாருன்னு சொல்லவே இல்லையே?"

"சாமி, இந்தச் செருப்போட உள்பக்கத்தைத் தினமும் பார்க்கற கண்ணு ரெண்டு ஜோடிதான். ஒரு ஜோடியைக் கேள்வி கேட்க எனக்கு அதிகாரம் இல்ல."

பக்கத்தில் அமைச்சருக்குப் புரையேறியது. சாகும்போது மூட்டை வேறு முதுகில் இருக்கிறதே என்று கவலைப்பட்டேன்.

"என்னைக் குருடன்னு சொல்றியா? இல்ல, திருட்டுக்குக் கூட்டுன்னு சொல்றியா?"

"ரெண்டும் இல்ல சாமி. பொறுமைசாலின்னு சொல்றேன்."

அரசர் சிரித்தார்.

"முதல் நாளே பார்த்தேன். ஆசைப்பட்டவன் வாயைத் திறந்து கேட்பான்னு காத்திருந்தேன். கேட்கல. அதனால ஒவ்வொருத்தனா கூப்பிட்டேன். என் காலைத் துடைக்கற கை நடுங்குதான்னு பார்க்கறதுல ஒரு ருசி. நேத்து வாஷ்காவைக் கூப்பிட்டதும் அதுக்குத்தான்."

ஓரக்கண்ணால் வாஷ்காவைப் பார்த்தேன். அவர் கை தானாகப் பொன்மாலையை மூடியது. பாவம், கிழவன் ஒருவனை வதைக்க எடுத்த குச்சி அவர். நானே அவருக்காக வருத்தப்பட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"கேனியை அவிழ்த்து விடுங்க. அவன் பேரு அவன் கல்லுலயே இருக்கட்டும். ஹெசி."

"சாமி" என்றார் கிழவர்.

"நான் கொடுக்காம என்கிட்டேருந்து எவனும் எதையும் எடுத்ததில்ல. எடுத்தான்னு இருக்கவும் கூடாது. அதனால நானே கொடுத்துடறேன். மண்ணு வேண்டாம். என் காலை முத்தமிடு."

ஹெசி குனிந்தார். விரல் அளவு தூரம்தான். அதைக் கடக்க அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. உதடு பட்டபோது அவர் முதுகு முழுவதும் குலுங்கியது. என் கண்ணிலும் தண்ணீர்.

"அக்கா, நல்லா முடிஞ்சுது" என்று கிசுகிசுத்தேன்.

"வாயை மூடு. இன்னும் முடியல."

அரசர் தன் கையால் அவர் கழுத்தில் பொன்மாலையைப் போட்டார். "இனிமே நீ என் சிநேகிதன். சிநேகிதன் என் செருப்பைத் தூக்கினா ஊர் சிரிக்கும். என் காலைக் கழுவினா அவமானம். கேனி, உன்னைச் சும்மா கட்டிப் போட்டதுக்கு ஈடு. செருப்பு இனிமே உன் பொறுப்பு."

கேனிக்குக் கட்டு அவிழ்த்த கை இன்னும் மரத்திருந்தது. ஆனாலும் ஓடிவந்து செருப்பை எடுத்தான். முகத்தில் விளக்கு ஏற்றினாற்போல இருந்தது. உள்ளே பார்த்துத் தயங்கினான்.

"சாமி, இந்தப் பத்தாவது ஆளு..."

"துடைச்சுடு. ஒருத்தனுக்கு ரெண்டு வாய் எதுக்கு?"

கேனி துணியை நனைத்தான். ஹெசி எழுந்து, சிநேகிதர்கள் நிற்கவேண்டிய இடத்தில், பத்தடி தள்ளி நின்றார். கழுத்தில் பொன் மின்னியது. அதை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கேனியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கேனி மண்டியிட்டு, அரசரின் வலது பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டான்.

"வாரை இறுக்காதடா" என்றார் கிழவர். "சுண்டுவிரல் பக்கம் அவருக்கு வலிக்கும்."

கேனி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இனிமே அது என் வேலை, பெரியவரே" என்றான்.